கணனி அறிமுகப் பாடமும் படுவான்கரையும்: ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவியின் கீழைக்கரையை எழுவான்கரை என்றும் மேலைக்கரையைப் படுவான்கரை என்றும் வழங்குதல் அப்பிரதேசத்தின் பழைய மரபாகும். பட்டினத்திலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்து படுவான்கரைக்குச் செல்வோர் முதலில் அடையும் ஊர் வவுணதீவு. மண்முனை மேற்குப் பிரதேசத்தின் நிருவாக மையமாக அது விளங்குகின்றது. நெல் வேளாண்மையும் கால்நடை வளர்ப்பும் வாவி மீன்பிடியும் அப்பகுதி மக்களின் வாழ்க்கைக்கு ஆதாரங்கள். அயலிலுள்ள கன்னன்குடா முதலிய ஊர்கள் கூத்துக்குப் பெயர்பெற்றவை. ஆராய்ச்சியாளர்கள் இப்பகுதியை நாடிச் சென்ற போதெல்லாம் கூத்தையும் வழிபாட்டையும் வயற்சொற்களையும் தேடியே சென்றனர். இன்று அதே ஊர்களிலிருந்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவர் பலர், எத்துறையினராயினும், முதலாம் ஆண்டிலே கணனி முறைமைகள் பற்றிய அறிமுகப் பாடமொன்றை எதிர்கொள்கின்றனர். துவித எண்கள், நினைவகம், தருக்கப் படலை, செய்நிரல், பணிசெயல் முறைமை என்பன அப்பாடத்தின் வழமையான அத்தியாயங்கள். கணிதமும் தருக்கமும் பல நூற்றாண்டுகள் கற்பிக்கப்பட்டு வந்தவை. இப்பாடத்திற்கோ எண்பது ஆண்டு வயதுகூட முற்றாக நிரம்பியதெனச் சொல்வதற்கில்லை. அதற்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை அதனைக் கற்போர் மாத்திரமன்றிக் கற்பிப்போரும் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. அது யாருக்காக வகுக்கப்பட்டது, எவ்வாறு தென்னாசியாவை வந்தடைந்தது, எம்மொழியில் வந்தது என்னும் வினாக்கள் வரலாற்று மாணவனுக்கும் உரியவையே.

கணனி பற்றிய முதலாவது பாடத்தொடர் எனத்தக்கது 1946 ஆம் ஆண்டு யூலை தொடக்கம் ஓகஸ்ற் வரை அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் மூர் பொறியியற் கல்லூரியில் நடைபெற்றது. அதிற் பங்குபற்றியோர் 28 பேர் மாத்திரமே. அவர்கள் மாணவர் அல்லர். தத்தம் நிறுவனங்களுக்குத் திரும்பிக் கணனிகளைக் கட்டவிருந்த ஆராய்ச்சியாளர்கள். கட்டளைகளையும் தரவுகளையும் ஒரே நினைவகத்தில் வைத்தல் என்னும் கருத்து அங்கேதான் விரிவாக எடுத்துரைக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் ஜோன் வொன் நொய்மன் எழுதிய அறிக்கையொன்றிலும் அக்கருத்து இடம்பெற்றிருந்தது. படுவான்கரைக் கூத்து அண்ணாவியாரின் ஏட்டை அறிந்தோர்க்கு இக்கருத்து அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. பாத்திரங்கள் பாடவேண்டிய பாடலும், இன்னார் இன்னபோது சபைக்கு வரவேண்டும் என்னும் குறிப்பும் ஒரே ஏட்டில், ஒரே எழுத்தில், ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்பட்டிருக்கும். எது பாடுவதற்குரியது, எது செய்வதற்குரியது என்பதைப் படிப்பவரே பிரித்தறிகின்றார். உவமையை இதற்கு மேல் நீட்டுதல் பொருந்தாது. அண்ணாவியார் இடத்துக்கேற்ப ஏட்டை விட்டு விலகவும் வல்லவர், பொறியோ அங்ஙனம் செய்யாது.

மூர் கல்லூரிப் பாடத்தொடரிற் கலந்துகொண்டவருள் ஒருவரான மொறிஸ் வில்க்ஸ் இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திற்கு மீண்டு, 1949 இல் எட்சாக் என்னும் கணனியை இயக்கிக் காட்டினார். 1953 இல் அப்பல்கலைக்கழகம் எண்சார் பகுப்பாய்விலும் தன்னியக்கக் கணிப்பிலும் டிப்புளோமாப் பாடநெறியொன்றைத் தொடங்கியது. ஆயினும் அது பட்டம் பெற்றோர்க்கான பாடநெறி. அமெரிக்காவில் 1962 இல் பேர்டியூப் பல்கலைக்கழகம் கணனி விஞ்ஞானத்துக்கெனத் தனித் துறையொன்றை நிறுவியது. 1968 இல் அமெரிக்கக் கணிப்பொறியாளர் சங்கம் ஒரு மாதிரிப் பாடத்திட்டத்தை வெளியிட்டது. அதில் முதற்பாடமாக வைக்கப்பட்டது கணிப்புக்கான அறிமுகமே. அறிமுகப் பாடம் என்னும் வகை உலகில் நிலைபெற்றமைக்கு அவ்வாவணம் ஒரு சான்று. ஆனால் அது வெளிவருவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரே அத்தகைய பாடமொன்று கங்கைக் கரையிலுள்ள கான்பூரில் நடைபெறத் தொடங்கிவிட்டது. அதன் உருவாக்கத்தில் ஈரோட்டிற் பிறந்த தமிழர் ஒருவருக்கு முதன்மையான பங்குண்டு. தென்னாசியாவில் இப்பாடத்தின் வரலாற்றைத் தேடுவோர் தொடங்கவேண்டிய இடம் அதுவே.

இந்தியாவிற் கணனி அதற்கு முன்னரும் இருந்தது. 1955 இல் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவனம் பிரித்தானியாவிலிருந்து ஒரு கணனியை வரவழைத்தது. பம்பாயில் ரீ.ஐ.எவ்.ஆர். என்னும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஆர். நரசிம்மன் தலைமையிற் சொந்தமாகவே ஒன்றைக் கட்டி 1960 இல் இயக்கியது. எனினும் அவை ஆராய்ச்சிக்குரியவை; வகுப்பறைக்குரியவை அல்ல. கான்பூரின் நிலை வேறு. அங்குள்ள இந்தியத் தொழினுட்ப நிறுவனம் 1962 முதல் 1972 வரை ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டு உதவியைப் பெற்றது. அக்காலத்து வல்லரசுப் போட்டியில் மேற்கு ஜேர்மனி சென்னைக்கும், சோவியத் ஒன்றியம் பம்பாய்க்கும், பிரித்தானியா டில்லிக்கும் கைகொடுத்தது போல அமெரிக்கா கான்பூருக்குக் கைகொடுத்தது. அவ்வுதவியின் வழியே 1963 இல் ஐ.பி.எம். 1620 என்னும் கணனி அங்கு வந்து சேர்ந்தது. அதனை நிறுவிக் கற்பித்தலைத் தொடங்கிவைக்க வந்தோருள் ஒருவர் ஹரி ஹஸ்கி. அவர் எனியாக் கணனியிலும், பின்னர் இங்கிலாந்தில் அலன் ரியூறிங் வடிவமைத்த ஏஸ் கணனியிலும் பணியாற்றியவர். கணனியின் தொட்டிற் பருவத்தை நேரிற் கண்டவர் எனலாம்.

அக்கணனியைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் தகும். அது துவித எண்ணிலன்றிப் பதின்ம எண்ணிலேயே இயங்கியது. அதன் அடிப்படை வடிவத்தின் நினைவகம் 20,000 இலக்கங்களை மாத்திரமே கொள்ளவல்லது. விந்தை யாதெனில், எண்களைக் கூட்டுவதற்கெனத் தனிச் சுற்று அதனிடம் இருக்கவில்லை. நினைவகத்தின் 100 ஆம் முகவரி முதல் 299 ஆம் முகவரி வரை பெருக்கல் வாய்பாடும், 300 முதல் 399 வரை கூட்டல் வாய்பாடும் வைக்கப்பட்டிருக்கும். ஏழையும் எட்டையும் கூட்டவேண்டின் வாய்பாட்டில் உரிய இடத்தைப் பார்த்து விடையை எடுத்துக்கொள்ளும். கூட்டவும் தெரியாது, முயல்வதும் இல்லை என்று அது வேடிக்கையாக அழைக்கப்பட்டது. நமது திண்ணைப் பள்ளிக்கூடங்களிற் பிள்ளைகள் எண்சுவடியை மனனம் செய்து, முந்திரி, காணி, மா எனப் பின்ன வாய்பாடுகளையும் நாவிற் பதித்துக்கொண்டு, கேட்டவுடன் விடை கூறிய முறையும் இதுவேயன்றோ? எண்சுவடி மாணவனைக் கணிதம் அறியாத கிளிப்பிள்ளை என இகழ்ந்த பிற்காலத்தார், அதே முறையில் இயங்கிய பொறியை நவீனத்தின் சின்னமாகப் போற்றினர். இதில் உள்ள முரணை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

இவ்வமைப்பினாற் கற்பித்தலில் ஒரு நன்மையும் விளைந்தது. மாணவன் எழுதிய செய்நிரல் தவறுதலாக வாய்பாடு இருக்கும் இடத்தில் வேறோர் எண்ணை எழுதிவிட்டால், அதன்பின் பொறி எல்லாக் கணக்குகளையும் தயக்கமின்றித் தவறாகவே செய்யும். நினைவகம், முகவரி, தரவு, கட்டளை என்னும் கருத்துகள் வெறும் வரைவிலக்கணங்களாக நில்லாமல், ஒரு பிழையின் வழியே கண்முன் தோன்றின. இன்றைய கணனியில் இவையனைத்தும் பல அடுக்குகளுக்குக் கீழே மறைந்துள்ளன. அறிமுகப் பாடத்தை நடத்துவது இன்று கடினமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பொறி எளிதாயிற்று, அதனை விளங்கிக்கொள்ளுதல் எளிதாகவில்லை.

வைத்தீஸ்வரன் இராஜாராமன் 1933 இல் ஈரோட்டிற் பிறந்தவர். பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞான நிறுவனத்தில் ஒப்புமைக் கணனியிற் பயிற்சி பெற்று, அமெரிக்கா சென்று எம்.ஐ.ரி. நிறுவனத்திற் கற்று, 1961 இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். நாடு திரும்பிக் கான்பூரில் மின்பொறியியல் ஆசிரியராகச் சேர்ந்த அவர், ஹஸ்கி முதலியோருடன் இணைந்து கற்பித்தலை மேற்கொண்டார். அங்கு நடைபெற்ற செய்நிரலாக்கப் பாடம் ரீ.ஏ. 306 என்னும் இலக்கத்தால் அறியப்பட்டது. கணனித்துறை மாணவர்க்கென அது வகுக்கப்படவில்லை. அக்காலத்தில் அங்குக் கணனித்துறை என ஒன்றே இல்லை. பொறியியல் பயிலும் எல்லா இளமாணி மாணவர்க்கும் அது கட்டாயமாக்கப்பட்டது. இம்முடிவின் பெருமையைக் குறைத்து மதிப்பிடலாகாது. பொறி ஒன்றே, மாணவரோ பலர். ஆராய்ச்சியாளர் தம் கணிப்புக்காகக் காத்துநிற்கையில், இயந்திரவியல் பயிலும் இரண்டாந்தர மாணவனும் தன் துளையட்டைக் கட்டுடன் அதே வரிசையில் நிற்கலாம் என்பது அவ்விதியின் பொருள். மாணவன் போர்ட்றான் மொழியில் எழுதிய செய்நிரலை அட்டைகளில் துளையிட்டு ஒப்படைப்பான். பின்னர் அச்சிட்ட தாளைப் பெற்றுப் பிழையைத் தேடுவான். திருத்தி மீண்டும் ஒப்படைப்பான். ஒரு காற்புள்ளி தவறினாலும் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அக்காலத்து மாணவர் எழுதுமுன் சிந்தித்தனர் என்று பின்னர் பாராட்டப்பட்டமைக்கு அவர்களது இயற்கைக் குணத்தைவிட இக்காத்திருப்பே காரணம் என்று கொள்ளுதல் பொருந்தும்.

கான்பூரின் வாயில் வெளியாருக்கும் திறந்திருந்தது. பிற கல்லூரிகளின் ஆசிரியரும், ஆய்வுகூடங்களிலும் தொழிற்றுறையிலும் பணியாற்றியோரும் வந்து பத்து நாட்கள் தங்கிச் செய்நிரலாக்கமும் எண்சார் முறைகளும் பயின்று செல்லும் குறுங்காலத் தீவிர வகுப்புகள் நடத்தப்பட்டன. அவ்வாறு பயின்றோர் தத்தம் இடங்களுக்கு மீண்டு தாமும் கற்பிக்கத் தொடங்கினர். 1965 இல் முதுமாணி நிலையிற் கணனி விஞ்ஞானம் ஒரு சிறப்புப் பிரிவாயிற்று. இளமாணிப் பட்டநெறி வருவதற்கு 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவ்வொழுங்கு கவனிக்கத்தக்கது. முதலில் எல்லோர்க்கும் அறிமுகம், அதன்பின் சிலர்க்கு மேற்படிப்பு, இறுதியிலேயே தனித்துறை. பிற இடங்களிற் பெரும்பாலும் தனித்துறை முதலில் எழும்பி, ஏனையோர்க்கான அறிமுகம் எஞ்சிய நேரத்திற்கும் எஞ்சிய இடத்திற்கும் விடப்பட்டது.

இராஜாராமனின் பணிகளில் மிகவும் நிலைத்தது எது என்று வினவின், பின்னாளில் அவர் பெங்களூரில் அமைத்த மீக்கணனி நிலையத்தையும் பெற்ற பத்மபூஷண் விருதையும் பலர் சுட்டக்கூடும். வரலாற்று நோக்கில் அவற்றினும் மேலானது அவர் எழுதிய பாடநூல்களே. வகுப்பிற் பகிர்ந்த உரோணியோக் குறிப்புகள் 1960களின் இறுதியிற் செய்நிரலாக்கக் கோட்பாடுகள் பற்றிய நூலாக வெளிவந்தன. மேனாட்டு நூல்கள் மாணவரின் கைக்கெட்டா விலையில் விற்கப்பட்ட அக்காலத்தில், சாதாரண தாளில், மலிவு விலையில், இந்திய மாணவன் எதிர்கொள்ளும் ஐயங்களை முன்னுணர்ந்து எழுதப்பட்ட நூல் அது. அதனைத் தொடர்ந்து அவர் எழுதிய அறிமுக நூல்களும் அவ்வாறே மாணவரிடையே பரவின. பொறி இல்லாத கல்லூரிக்கும் நூல் சென்றது. பொறியைக் காணாமலே தாளில் செய்நிரல் எழுதிப் பழகிய தலைமுறையொன்று அதனால் உருவாயிற்று. கணனிக் கல்வியின் வரலாற்றைப் பொறிகளின் வருகையைக் கொண்டு எழுதுவதே வழக்கமாகிவிட்டது. பாடநூலின் விலையைக் கொண்டு எழுதினால் அவ்வரலாறு வேறொரு வடிவம் பெறும்.

ஆயினும் அந்நூல்கள் யாவும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டன. ஈரோட்டுத் தமிழரொருவர் எழுதிய நூல் ஈரோட்டுப் பள்ளி மாணவனை அடைவதற்கு ஆங்கிலம் என்னும் ஆற்றைக் கடக்கவேண்டியிருந்தது. இதில் அவரைக் குறைகூற இடமில்லை. பன்மொழி மாணவர் கூடிய வடஇந்திய நிறுவனமொன்றில் வேறு வழி இருக்கவில்லை.

இலங்கையில் நிகழ்ந்தவை வேறு வகையின. கணனி இங்கு முதலில் பல்கலைக்கழகத்துக்கு வரவில்லை. 1960களின் பிற்பகுதியில் அரச பொறியியற் கூட்டுத்தாபனம் கணனியைப் பெற்றது. பொறியியலாளர் ஏ. என். எஸ். குலசிங்க அதற்கு முன்னின்றவர். குடிசன மதிப்பீடு புள்ளிவிபரத் திணைக்களம் முதலிய அரச நிறுவனங்களும் தொடர்ந்து பெற்றன. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இக்கல்வியை வளர்த்தெடுத்தவர் கணிதப் புள்ளிவிபரவியற் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க. 1983 இல் தேசிய கணனிக் கொள்கை வகுக்கப்பட்டு, அடுத்த ஆண்டில் சின்ரெக் என்னும் கணனி, தகவற் றொழினுட்ப மன்றம் நிறுவப்பட்டது. அதற்கு அவர் நெடுங்காலம் தலைவராக விளங்கினார். 1985 இல் மொறட்டுவையிலும் பேராதனையிலும் கணனித் துறைகள் தோன்றின. 1987 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கணனித் தொழினுட்ப நிறுவகம் ஜப்பானிய உதவியுடன் அமைந்தது. 2002 இல் அது கணனிக் கல்லூரியாக விரிந்தது. 2000 ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகம் தொடங்கிய தகவற் றொழினுட்ப வெளிவாரிப் பட்டம், பல்கலைக்கழக அனுமதி கிட்டாத இளைஞர்க்கும் ஒரு வழியைத் திறந்தது. அதன் பரீட்சை மொழி ஆங்கிலம்.

கணனிக் கொள்கை வகுக்கப்பட்ட 1983 ஆம் ஆண்டு தமிழர் வரலாற்றில் வேறொரு காரணத்தால் நினைவுகூரப்படுவது. அவ்வாண்டின் யூலைக் கலவரமும் அதன்பின் மூண்ட போரும் தலைநகரில் வளர்ந்த இக்கல்வியைக் கிழக்கிலிருந்து பிரித்துவைத்தன. 1981 இல் வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1986 இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. நான்கு ஆண்டுகள் கழிவதற்குள் அதன் வளாகமே அகதி முகாமாயிற்று. 1990 செப்ரெம்பரில் அங்குத் தஞ்சம் புகுந்திருந்தோருள் 150 இற்கும் மேற்பட்டோர் படையினரால் அழைத்துச் செல்லப்பட்டனர், அவர்கள் மீளவில்லை. விரிவுரை மண்டபங்கள் எதற்குப் பயன்பட்டன என்பதை அறிந்தபின், அங்கு எந்த ஆண்டில் எந்த ஆய்வுகூடம் திறக்கப்பட்டது எனக் கணக்கெடுப்பது சிறு செயலாகத் தோன்றும்.

வவுணதீவின் நிலை இன்னும் கடினமானது. பட்டினம் அரசபடையின் கட்டுப்பாட்டிலும், வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் இருந்த நீண்ட காலத்தில், இரண்டுக்கும் இடைப்பட்ட கடவையாக வவுணதீவு விளங்கியது. பாலத்தைக் கடப்போர் சோதனைச் சாவடியில் இறங்கி நடந்தனர், பொதிகள் அவிழ்க்கப்பட்டன, பல பொருள்களுக்குக் கட்டுப்பாடு இருந்தது. கான்பூர் மாணவன் துளையட்டையுடன் வரிசையில் நின்ற கதையைப் படிக்கும் படுவான்கரை மாணவனுக்கு, அவனுடைய தந்தையும் தாயும் நின்ற வேறொரு வரிசை நினைவுக்கு வருதல் இயல்பு. 2007 இல் அப்பகுதி முழுவதும் அரச கட்டுப்பாட்டின்கீழ் வந்தது. ஊர்கள் பலவற்றுக்கு மின்சாரம் அதன் பின்னரே எட்டியது. உலகமே இணையத்தால் பிணைக்கப்பட்டிருந்த காலத்தில், மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளைகள் பட்டினத்துப் பிள்ளைகளோடு ஒரே பரீட்சையை எழுதினர்.

மொழியின் கதை இதனின்றும் வேறாக ஆராயத்தக்கது. விஞ்ஞானப் பாடமொன்றைத் தமிழில் நடத்தல் இயலுமா என்னும் வினாவுக்கு ஈழத்தில் விடை காணப்பட்டு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் கிறீன் 1860களில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். உடற்கூற்றியல் முதலிய நூல்களைத் தமிழிற் பெயர்த்துக் கலைச்சொற்களையும் தொகுத்தார். அவர் காலத்தில் தமிழிற் பயின்ற மருத்துவர்கள் நோயாளருக்கு மருத்துவம் செய்தனர்.

மட்டக்களப்புப் பிரதேசத்துக்கு இவ்வகையில் ஒரு சிறப்புரிமை உண்டு. காரைதீவிலே 1892 இற் பிறந்து மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியில் பயின்ற விபுலாநந்த அடிகள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. அப்பட்டத்தை இங்கிருந்தவாறே பெற்றவர். பண்டிதரும் விஞ்ஞானியும் ஒருவராக அமைதல் அன்று அரிது, இன்றும் அரிதே. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியில் 1936 இல் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்கு அவரே தலைமை வகித்தார். கணிதம், பௌதிகம், இரசாயனம் முதலிய துறைகளுக்கு ஆக்கப்பட்ட ஏறத்தாழ 10,000 சொற்கள் 1938 இல் நூலுருப் பெற்றன. யாழ் நூலில் நரம்புகளின் சுருதிகளைப் பின்னங்களாற் கணித்துக் காட்டிய அறிஞர் அவர். கணிப்பு என்பது கலைக்குப் புறம்பானது என அவர் கருதவில்லை. கல்லடி உப்போடையில் அவர் வளர்த்த கல்விக்கூடத்திலிருந்து வவுணதீவு தொலைவில் இல்லை. தமிழ்நாட்டு அறிஞர் அவைக்கு மட்டக்களப்பார் ஒருவர் தலைமை தாங்கிப் பொதுச் சொற்களை வகுத்த அந்த நிகழ்ச்சியின் பின்னர், கடலின் இரு கரையினரும் விஞ்ஞானச் சொற்களை ஒருங்கிருந்து ஆக்கியது குறைவு.

அதன் விளைவைக் கணனிச் சொற்களில் தெளிவாகக் காணலாம். தமிழகத்தார் கணிப்பொறி என்றனர், பின் கணினி என்றனர். இலங்கையர் நெடுங்காலம் கணனி என்றே எழுதிவந்தனர். இங்கு துவித எண் என்பது அங்கு இரும எண். இங்கு செய்நிரல், அங்கு நிரல். இங்கு பாய்ச்சற் கோட்டுப் படம், அங்கு பாய்வுப் படம். இங்கு பணிசெயல் முறைமை, அங்கு இயக்க அமைப்பு அல்லது இயங்குதளம். மின்குறிகளை ஏற்றுத் தருக்க விதிப்படி விடை தரும் உறுப்பை அங்கு வாயில் என்பர். இங்கு தருக்கப் படலை என்பர். இச்சொற்களுள் சில செயற்கையானவை, சில நாவுக்கு அடங்காதவை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பணிசெயல் முறைமை என்பதை ஒரு மாணவன் இயல்பாக உச்சரிப்பதைக் கேட்டவர் அரிது. படலையோ அத்தகையதன்று. வவுணதீவில் எந்த வளவுக்கும் வேலியுண்டு, வேலிக்குப் படலையுண்டு. வேலியின் வெளிப்படலையும் உட்படலையும் திறந்தாலன்றி மாடு உள்ளே வாராது எனின் அது ஒரு தருக்கம். இரண்டு படலைகளில் எது திறந்திருந்தாலும் வந்துவிடும் எனின் அது மற்றொரு தருக்கம். உம் என்பதற்கும் அல்லது என்பதற்கும் உரிய வேறுபாட்டை இதைவிட எளிதாக விளக்கும் சொல் வேறில்லை. சொல்லாக்கக் குழுவினர் இதனை எண்ணித்தான் தெரிந்தனரோ, தற்செயலாக அமைந்ததோ, பொருத்தமாக அமைந்துவிட்டது. நல்ல கலைச்சொல் அகராதியிலன்றி வளவிலிருந்தும் பிறக்கலாம்.

சொல்லைவிட எழுத்து மேலும் இடர் விளைத்தது. கணனிக்கு எழுத்து என ஒன்று இல்லை, எண்களே உள்ளன. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்பதற்கு உடன்பாடு வேண்டும். ஈழத்தமிழரிடையே பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துருவில், உரோம எழுத்துகளுக்குரிய எண்களின்மீது தமிழ் வடிவங்கள் ஏற்றப்பட்டிருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் அதே ஆவணத்தைத் திறப்பின் தமிழ் மறைந்து, பொருளற்ற உரோம எழுத்துக் குவியலே தோன்றும். 1991 இல் வெளிவந்த யுனிக்கோட் முறை தமிழுக்கெனத் தனி எண்களை ஒதுக்கியது. 1999 இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் வழி விசைப்பலகை முறையொன்றும் ஏற்கப்பட்டது. எனினும் பாமினியில் தட்டிப் பழகியோர் பலர் அதனை எளிதில் விட்டிலர். குறியீடு வேறு, வடிவம் வேறு என்னும் உண்மையை விளக்க ஆங்கில நூல்கள் எத்தனையோ உதாரணங்களைத் தேடுகின்றன. தமிழ் மாணவனுக்கு அது அன்றாட அனுபவம். அறிமுகப் பாடத்திலே இதனைவிட உயிருள்ள உதாரணத்தைக் காண்பதரிது. ஆயினும் மேனாட்டு மாதிரியைப் பின்பற்றும் பாடத்திட்டங்கள் உரோம நெடுங்கணக்கின் குறியீட்டு அட்டவணையோடு அவ்வத்தியாயத்தை முடித்துவிடுகின்றன.

இலங்கைப் பாடசாலைகளிற் கணனிக் கல்வி இந்நூற்றாண்டில் முறையான பாடமாயிற்று. தகவல், தொடர்பாடற் றொழினுட்பம் என்னும் பெயரில் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் அதனைத் தமிழ்மொழியிற் பயின்று தமிழிலேயே பரீட்சை எழுத இயலும். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தமிழிற் பாடநூல் வெளியிடுகின்றது. தேசிய கல்வி நிறுவகம் ஆசிரியர் கைந்நூல் தருகின்றது. இராஜாராமனின் நூல் மலிவாய் விற்கப்பட்டதெனின், இப்பாடநூல் பாடசாலை மாணவர்க்கு விலையின்றியே வழங்கப்படுகின்றது. இது சிறிய சாதனையன்று. கான்பூரின் முதற்பாடம் ஆங்கிலம் கற்ற சிலர்க்கு எட்டியது. படுவான்கரைப் பிள்ளைக்கோ அப்பாடத்தின் பெரும்பகுதி பதினைந்தாம் வயதிலேயே தாய்மொழியில் எட்டுகின்றது. கலைப்பிரிவு மாணவரும் இதற்குப் புறம்பானவர் அல்லர்.

பல்கலைக்கழக வாயிலில்தான் தொடர்ச்சி அறுகின்றது. 1960 அளவிலிருந்து கலைப்பீடங்கள் தமிழையும் சிங்களத்தையும் போதனாமொழிகளாக ஏற்றபோதும் விஞ்ஞானமும் பொறியியலும் ஆங்கிலத்திலேயே நின்றன; பின்வந்த கணனித்துறையும் அவ்வழியே சென்றது. ஆகவே படலை என்று கற்றவன் கேற் என்றும், துவிதம் என்று கற்றவன் பைனரி என்றும், செய்நிரல் என்று கற்றவன் புறோகிராம் என்றும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றான். அறிந்ததையே அறியாதவன் போலக் கற்கும் இந்நிலையை, ஆங்கிலக் குறைபாடு எனச் சுருக்கிக் கூறிவிடுகின்றனர். அது முற்றிலும் சரியன்று. அவனிடம் உள்ளது குறைபாடன்று, வேறொரு மொழியிற் பெற்ற அறிவு. ஆங்கிலம் வேண்டாம் என்று எவரும் வாதிடுவாரல்லர். பொறியின் கையேடுகளும் உலகத்து ஆராய்ச்சியும் அம்மொழியில் உள்ளமையால் அதனைத் தவிர்த்தல் தன்னைத் தானே வேலிக்குள் அடைப்பதாகும். பாடசாலைச் சொல்லையும் பல்கலைக்கழகச் சொல்லையும் ஒரே பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரு பொருளையே சுட்டுகின்றன என்று காட்டும் முதலாம் ஆண்டு நூலொன்றே இங்கு வேண்டப்படுவது. கிறீன் தம் மாணவர்க்கு அதனைச் செய்தார். விபுலாநந்தரின் குழு அதற்குரிய சொற்களைத் தந்தது. இராஜாராமன் வகுப்புக் குறிப்பை நூலாக்கும் வழியைக் காட்டினார்.

இப்போதைக்கு அப்பணி எழுத்திலன்றி வாய்மொழியிலேயே நடைபெறுகின்றது. கிழக்கிலும் வடக்கிலும் விரிவுரையாளர் பலர் ஆங்கிலத்தில் ஒரு பந்தியை முடித்து, மண்டபத்தின் பின்வரிசையை நோக்கி, அதனையே தமிழில் இரண்டு வசனங்களிற் கூறிவிட்டு அடுத்த படத்திற்குச் செல்கின்றனர். அவ்விரண்டு வசனங்களும் பாடத்திட்டத்தில் இல்லை; விரிவுரைக் குறிப்பிலும் அச்சிடப்படுவதில்லை. பின்வரிசை மாணவர் அவற்றைக் கொப்பியின் ஓரத்தில் எழுதிக்கொள்கின்றனர்.